வகுப்பறையில் ஒரு சிறிய ஏரி

பள்ளிக்கு மீன் தொட்டி வாங்கினால் வழக்கமாக நடப்பது இதுதான். தொட்டி வந்த அன்றே மீன்களும் வந்துவிடும். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு தீனி போடுவார்கள். இரண்டாம் வாரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு ஒவ்வொன்றாக இறந்து மிதக்கும். மாத முடிவில் வெறும் தொட்டி ஆய்வக மூலைக்குப் போய்விடும். மீனின் கழிவைச் சீர்செய்யும் நுண்ணுயிரிகள் புது நீரில் போதிய அளவு இல்லாததே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

நீர்ச்செடிகள் வளரும் தொட்டியைப் பொறுமையாக அமைத்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம். பாடநூலில் அம்புக்குறிகளாக உள்ள நைட்ரஜன் சுழற்சியையும் மாணவர்கள் நேரில் அறியலாம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் பணியாற்றும் நமக்கு இன்னொரு பயனும் உண்டு. கெலவரப்பள்ளி அணையில் ஏன் நுரை பொங்குகிறது என்ற பிள்ளைகளின் கேள்விக்கு இந்தத் தொட்டியை வைத்தே விளக்கம் தரலாம்.

செடி, மீன், நத்தை

1850இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஒரு கொள்கலனில் தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா செடியையும் வளர்த்த சோதனையை வெளியிட்டார். அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தபோது குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. ஒன்றின் கழிவு இன்னொன்றின் உணவாகும்போது நீர் நிலைபெறுகிறது என்பதே அதன் பாடம்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, நைட்ரைட்டும் நஞ்சே. வேறு சில பாக்டீரியாக்கள் அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்குகின்றன. செடிகள் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சி வளர்கின்றன.

தொட்டி, கல், நீர்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு சுமார் 56 லிட்டர். மணலும் நீரும் சேர்ந்தால் 60 கிலோவைத் தாண்டும் என்பதால் உறுதியான மேசை வேண்டும். நேர் வெயில் படும் சன்னல் ஓரம் கூடாது, பாசி படரும். எல்.இ.டி. விளக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும்.

அடியில் சலித்த வண்டல் மண் ஓர் அங்குலம், அதன்மேல் நன்கு கழுவிய மணல் இரண்டு அங்குலம் பரப்புங்கள். எருவோ உரமோ கலக்க வேண்டாம். அலங்காரக் கற்களுக்கு நம் மாவட்டத்துக் கிரானைட் ஏற்றது. அது நீரில் கரையாது. சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் நீரின் கடினத்தன்மையைக் கூட்டும். ஐயமுள்ள கல்லின்மீது ஆசிரியரே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு துளி விட்டுக் காட்டலாம். நுரைத்தால் அது தொட்டிக்கு வேண்டாம்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரில் குளோரின் கலந்திருக்கும். அகன்ற வாளியில் 24 மணி நேரம் திறந்து வைத்தபின் ஊற்றுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் சற்றுக் கடினமாக இருந்தாலும் வாலிஸ்நேரியாவும் கப்பி மீனும் தாங்கும். ஆர்.ஓ. நீரில் தாது உப்புகள் மிகக் குறைவு. அதை மட்டும் பயன்படுத்தக் கூடாது.

முதலில் செடி, பிறகு மீன்

வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா இரண்டுமே எளிதில் வளரும். ஏரியிலிருந்து எடுத்த செடியை ஒரு வாரம் தனி வாளியில் வைத்துக் கவனியுங்கள். தட்டான்பூச்சியின் இளம்புழு ஒட்டியிருந்தால் மீன்குஞ்சுகளைத் தின்றுவிடும்.

செடி நட்டபின் பஞ்சு வடிகட்டியை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடுங்கள். அது அழுகும்போது வரும் அம்மோனியாவே பாக்டீரியாக்களுக்கு உணவு. பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். ஓசூரின் மார்கழிக் குளிரில் இன்னும் தாமதமாகலாம். சோதனைக் கருவியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டியபின் மூன்று மீன்களை விடுங்கள். இரண்டு வாரம் கழித்து மேலும் சில. இந்த அளவுத் தொட்டிக்கு ஆண் கப்பியோ ஜீப்ரா டானியோவோ எட்டு போதும். தங்கமீன் பெரிதாக வளரும், இதில் அடங்காது.

காத்திருக்கும் வாரங்களில் மாணவர் குழுக்கள் நீரின் வெப்பநிலை, புது இலைகள், சோதனை முடிவுகள் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதட்டும். தெலுங்கும் கன்னடமும் இந்தியும் பேசும் பிள்ளைகள் 'சேப்ப', 'மீனு', 'மச்லி' என்று அவரவர் சொல்லையும் சேர்க்கலாம்.

பராமரிப்பு

தீனி நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுங்கள். எடுத்த நீரைப் பள்ளித் தோட்டத்துக்கு ஊற்றலாம், அதில் நைட்ரேட் உண்டு. வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் அலசினால் குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். எடுத்த தொட்டி நீரிலேயே அலச வேண்டும். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில் அது மிகக் குறைவாக இருக்கும். காற்றுக் குழாய் இரவில் ஓடட்டும். தொட்டிக்குள் கைவிடுமுன் மின் இணைப்பைத் துண்டிப்பது கட்டாயம்.

தொட்டியிலிருந்து தென்பெண்ணைக்கு

50 லிட்டர் நீர் எட்டு மீன்களின் கழிவைத் தாங்கும். எண்பது மீன்களின் கழிவைத் தாங்காது. இதைப் புரிந்துகொண்ட மாணவருக்கு ஆற்றின் நிலையும் புரியும். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூருப் பகுதியின் வீட்டுக் கழிவையும் ஆலைக் கழிவையும் சுமந்துகொண்டு கெலவரப்பள்ளிக்கு வருகிறது. பாக்டீரியாக்களும் செடிகளும் சீர்செய்யும் அளவை அது மீறிவிட்டது. சலவைத்தூளில் உள்ள வேதிப்பொருள்கள் மதகிலிருந்து விழும் நீரில் நுரையாகின்றன. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஆகாயத்தாமரையைச் செழிக்கச் செய்கின்றன.

இதை வகுப்பில் காட்ட இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் தொட்டி நீரை நிரப்பி ஒரே வெளிச்சத்தில் வையுங்கள். ஒன்றில் மட்டும் கலப்பு உரம் ஒரு சிட்டிகை போடுங்கள். இரண்டு, மூன்று வாரங்களில் எது பச்சையாகிறது என்று மாணவர்கள் பார்க்கட்டும். மூன்றாவது பாட்டிலில் சலவைத்தூள் சிறிது கலந்து குலுக்கினால் மதகு நுரை விளங்கும். இவற்றில் மீன் விட வேண்டாம்.

சனி, ஞாயிறு தீனி இல்லாவிட்டாலும் மீன்கள் தாங்கும். கோடை விடுமுறைக்கு மட்டும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். எந்த நிலையிலும் தொட்டி மீனை ஏரியில் விடக் கூடாது. கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் மீன், தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவி நம் மீன்களுக்குப் போட்டியாக நிற்கிறது. தொட்டியைக் கலைக்க நேர்ந்தால் மீன்களை வேறு பள்ளிக்கோ கடைக்கோ கொடுத்துவிட்டு, செடிகளை வெயிலில் நன்கு உலர்த்தி உரக்குழியில் போடுங்கள்.