மறுத்த பிறகும் சாகாத வதந்தி

2018 பிப்ரவரி 26ஆம் தேதி இரவு, இலங்கையின் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவர் நடத்திய உணவகத்தில், சாப்பிட வந்த சிங்கள வாடிக்கையாளரின் உணவில் சிறு கட்டி ஒன்று தட்டுப்பட்டது. சிங்களவரை மலடாக்கும் மாத்திரை அது என்று கூச்சல் கிளம்பியது. கடைக்காரருக்குத் தாய்மொழி தமிழ், சிங்களம் அரைகுறை. கூட்டம் சூழ்ந்து நின்று அதட்டிக் கேட்டதற்கு, கேள்வி சரியாகப் புரியாமலே 'ஆமாம், போட்டோம்' என்று பொருள்படும்படி ஏதோ சொல்லிவைத்தார். கைபேசியில் பதிவான அந்தச் சில நொடிகள் ஃபேஸ்புக்கில் ஒப்புதல் வாக்குமூலமாக வலம் வந்தன. அன்றிரவே கடை நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தில், முஸ்லிம் இளைஞர்களுடன் நடந்த சண்டையில் அடிபட்ட சிங்கள லாரி ஓட்டுநர் இறந்தபோது, திகன பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 6ஆம் தேதி அரசு அவசரநிலையை அறிவித்தது. மறுநாள் ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது.

அந்தக் கட்டியை அரசுப் பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தார். அது வெறும் மாவு. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று எதுவும் மருத்துவத்தில் இல்லை என்பதும் எடுத்துச் சொல்லப்பட்டது. உண்மையைச் சொன்னால் பொய் ஒழியும் என்று நாம் நம்புவது சரியென்றால், கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2019 மே 23ஆம் தேதி 'திவயின' என்ற சிங்கள நாளிதழ், முஸ்லிம் மருத்துவர் ஒருவர் சிசேரியன் அறுவையின்போது 4,000 சிங்களப் பௌத்தப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டதாக முதல் பக்கத்தில் எழுதியது. குருநாகலில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் கைதானார். பாதிக்கப்பட்டவர்கள் முறையிடலாம் என்று அழைப்பு விடப்பட, நூற்றுக்கணக்கான பெண்கள் வரிசையில் நின்றார்கள். மயக்க மருந்து கொடுப்பவர், உதவி மருத்துவர், தாதியர் என்று இத்தனை பேர் நிற்கும் அறுவைக்கூடத்தில், ஒருவர் கண்ணிலும் படாமல் ஆயிரக்கணக்கான முறை இதை எப்படிச் செய்திருக்க முடியும் என்று கேட்டவர்கள் குறைவு. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் துறையே நீதிமன்றத்தில் சொன்னது. 2022இல் சுகாதார அமைச்சு அவருக்குச் சம்பள நிலுவையைக் கொடுத்தது. நாடு மருந்துத் தட்டுப்பாட்டில் தவித்த நேரம் அது; அந்தப் பணத்தை மருந்து வாங்க அவர் நன்கொடையாகக் கொடுத்துவிட்டார்.

ஒருமுறை செத்த பொய் பதினைந்தே மாதத்தில் இன்னும் பெரிதாக எழுந்து வந்தது எப்படி? அம்பாறையில் மறுக்கப்பட்டது அந்த மாத்திரை மட்டும்தான். 'நம் இனத்தை அழிக்கப் பார்க்கிறார்கள்' என்ற அடிப்படைக் கதையை யாரும் தொடவில்லை. 2012இல் தொடங்கிய பொது பல சேனா போன்ற கடும்போக்குப் பௌத்த அமைப்புகள் ஹலால் முத்திரை, உடை, பிள்ளைப்பேறு என்று ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கதையை மேடைமேடையாக வளர்த்திருந்தன. 2014இல் அளுத்கமவில் முஸ்லிம்களுக்கு எதிராக வெடித்த கலவரத்தில் அதன் விளைவை நாடு பார்த்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? 1981இல் சிங்களவர் சுமார் 74 விழுக்காடு, 2012இல் சுமார் 75. முஸ்லிம்களின் பங்கு ஏழரையிலிருந்து பத்துக்குச் சற்றுக் குறைவான அளவுக்குக் கூடியது உண்மை. ஆனால் அந்த இடைப்பட்ட காலத்தில் சிங்களவரின் பங்கு குறையவே இல்லை. பயத்தில் இருப்பவர் இதில் முதல் பாதியை மட்டுமே கேட்கிறார். அவருக்கு மாத்திரையும் மருத்துவரும் ஏற்கெனவே தெரிந்த முடிவுக்குக் கிடைத்த சாட்சிகள். ஒரு சாட்சி பொய்யென்று ஆனால் அடுத்த சாட்சி வரும், தீர்ப்பு மாறாது.

படிக்காதவர்கள்தான் இதை நம்புவார்கள் என்று சொல்வதற்கில்லை. இலங்கையில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். எல்லாம் சமூக ஊடகம் செய்த வேலை என்பதும் பாதி உண்மைதான். சிங்கள மொழி வெறுப்புப் பதிவுகளை ஃபேஸ்புக் கண்டுகொள்ளாமல் விட்டது; தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு 2020இல் அந்த நிறுவனமே வருத்தம் தெரிவித்தது. ஆனால் 2019இன் பொய் பிறந்தது அச்சுக்கூடத்தில். 2020இல் அதே மனநிலை அரசாணையாகவே வந்தது: கொரோனாவில் இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று சொல்லி, முஸ்லிம்களின் உடல்களையும் கட்டாயமாக எரித்தார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் 2021 பிப்ரவரி வரை அரசு இறங்கி வரவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

வலுவான ஆட்சேபம் வேறொன்று உண்டு. 2019 ஏப்ரல் 21ஆம் தேதி உயிர்த்த ஞாயிறு அன்று, இஸ்லாமியத் தீவிரவாதிகள் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டுத் தாக்குதல் நடத்தி 250க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். அதற்குப் பிறகும் பயப்படாதே என்று சொல்ல முடியுமா? முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அந்தச் சதியில் பெயர்கள் இருந்தன, வெடிபொருள் இருந்தது, முன்கூட்டியே வந்த உளவுத் தகவலும் இருந்தது. எல்லாமே விசாரணைக்கு உட்பட்டவை. மருத்துவர் கதையில் இருந்தது பயம் மட்டும். குண்டுவெடிப்பு முடிந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் அது வெளிவந்ததற்கும் காரணம் இதுவே: உண்மையான காயத்தின் மேல் வைக்கும்போது பொய்க்குத் தனி ஆதாரம் தேவைப்படுவதில்லை.

கடுமையான சட்டம் போட்டால் தீருமா? வெறுப்புப் பேச்சைத் தண்டிக்கும் பிரிவு இலங்கையில் 2007 முதல் இருக்கிறது. பௌத்த மடத்தை வைத்துச் சிறுகதை எழுதிய சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரை 2019இல் சிறையில் அடைக்கவும் அது பயன்பட்டது. பெரும்பான்மையின் உணர்வைக் காக்கும் கருவியாகவே அத்தகைய சட்டம் எளிதில் திரும்பிவிடுகிறது. மறுப்பு வெளியிட்டால் வதந்திக்கு நாமே விளம்பரம் தருகிறோம் என்பார்கள். வீதிக்கு வராத வதந்திக்கு அது பொருந்தும். வந்த பிறகு மௌனத்தைச் சம்மதம் என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். ஆகவே எந்தச் சமூகம் பயப்படுகிறதோ, அந்தச் சமூகம் மதிக்கும் மருத்துவர்களும் துறவிகளும் அதே மொழியில், முதல் சில மணி நேரத்துக்குள் பேச வேண்டும். குற்றச்சாட்டை முதல் பக்கத்தில் போட்ட பத்திரிகை, அது பொய்த்ததையும் அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். இவையும் முதலுதவிதான். மக்கள்தொகைப் பயத்தைக் காட்டி ஓட்டுக் கேட்பவருக்கு ஓட்டு விழும்வரை, மாத்திரை போனால் கத்தி, கத்தி போனால் கல்லறை என்று அந்தக் கதை புதுப் பொருளைத் தேடிக்கொண்டே இருக்கும். செய்தியைச் சரிபார்ப்பவர்களால் மட்டும் அதை நிறுத்த முடியாது. தன் பெயரால் பரப்பப்படும் பயத்தை வாங்க மறுக்கும் பெரும்பான்மையால் முடியும்.