கணினியே கணக்குப் போடும்போது கணக்கியல் படிப்பு எதற்கு?

எஸ்பிஎம் முடிவுகள் வெளிவந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. மென்பொருளே எல்லாக் கணக்கையும் போட்டுவிடும் காலத்தில், பிள்ளையைக் கணக்கியல் படிக்க வைப்பது சரியா? கேள்வி நியாயமானதுதான். பேரேட்டில் பதிவது, கூட்டுவது, மாத இறுதி அறிக்கை எடுப்பது ஆகியவற்றை மென்பொருள் சில நொடிகளில் முடித்துவிடுகிறது. ஆனால், உள்ளே போன தகவல் சரியா என்பதை அது பெரும்பாலும் கேட்பதில்லை.

கிள்ளானில் ஒரு வாகன உதிரிப்பாகக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுத் தொடக்கத்தில் 48,000 வெள்ளிக்கு ஒரு வேன் வாங்குகிறது. கணக்கைப் பதிபவர் அதை 'வாகனப் பராமரிப்புச் செலவு' என்று தட்டிவிடுகிறார். பற்றும் வரவும் சமமாக இருப்பதால் டிரையல் பேலன்ஸ் ஒரு காசு பிசகாமல் பொருந்திவிடும். உண்மையில் வேன் ஒரு சொத்து. ஐந்தாண்டு உழைக்கும் என்று கணக்கிட்டால், அந்த ஆண்டுக்குரிய தேய்மானச் செலவு 9,600 வெள்ளி மட்டுமே. ஆக, கடையின் லாபம் 38,400 வெள்ளி குறைத்துக் காட்டப்படுகிறது. வங்கிக் கடன் கேட்டுப் போனால் மெலிந்த லாபமே அதிகாரியின் கண்ணில் படும். வரிக் கணக்காய்வு வந்தால் கூடுதல் வரியும் அபராதமும் காத்திருக்கும்.

பல்கலைக்கழகங்களில் 'கணக்கியல் தகவல் முறைமை' என்ற பாடம் இந்த இடத்தைத்தான் தொடுகிறது. ஒரு தொகை எங்கிருந்து வந்தது, யார் பதிந்தார், யார் ஒப்புதல் தந்தார், பிறகு யாராவது மாற்றினார்களா என்று பின்னோக்கிச் செல்லக் கற்றுத்தருகிறது. புதிய சப்ளையரைப் பதிபவரே அவருக்கான பணத்தையும் விடுவிக்கக் கூடாது என்பது இதன் அடிப்படை விதிகளில் ஒன்று. இரண்டும் ஒருவர் கையில் இருந்தால், இல்லாத சப்ளையருக்குப் பணம் போய்விடும். முதலாளியின் பாஸ்வேர்டைக் கடையில் எல்லாரும் அறிந்திருந்தால் எந்த மென்பொருளும் உதவாது. நம் சிறு வியாபாரங்களில் இது புதிதல்ல!

இ-இன்வோய்ஸ் வந்த பிறகு இந்தத் திறனுக்குத் தேவை கூடியுள்ளது. 2024 ஆகஸ்ட் 1-இல் ஆண்டுக்கு 10 கோடி வெள்ளிக்கு மேல் விற்பனை செய்யும் நிறுவனங்களுடன் இத்திட்டம் தொடங்கியது. 2025 ஜூலையில் 50 லட்சம் வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்கள் வரை எட்டியது. விலைப்பட்டியல் முதலில் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வோய்ஸ் தளத்திற்குச் சென்று, சரிபார்க்கப்பட்டு, தனி அடையாள எண்ணைப் பெறுகிறது. பிழை இருந்தால் ரத்து செய்ய 72 மணி நேரம்தான் அவகாசம். அதன் பிறகு, திருத்தத்திற்கு கிரெடிட் நோட் போன்ற தனி ஆவணம் வெளியிட வேண்டும். ஆண்டு இறுதியில் ரசீதுப் பையைக் கணக்காளரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்த காலம் போய்விட்டது. விற்பனை நாளிலேயே தகவல் சரியாக இருக்க வேண்டும்.

நிதி அறிக்கைகளும் மாறியுள்ளன. நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம் 2018-இல் கொண்டுவந்த எம்பிஆர்எஸ் முறை, எக்ஸ்பிஆர்எல் என்ற மொழியில் இயங்குகிறது. அறிக்கையின் ஒவ்வொரு தொகைக்கும் கணினி படிக்கக்கூடிய குறிச்சொல் ஒட்டப்படும். நீண்ட காலக் கடனைக் குறுகிய காலக் கடன் என்று குறித்துவிட்டால், நல்ல நிலையில் உள்ள நிறுவனமும் கடனில் தத்தளிப்பதுபோல் தெரியும். எது எந்த வகை என்று தீர்மானிக்க, நிதி அறிக்கைத் தரநிலைகளைப் படித்தவர் வேண்டும்.

இத்துறைக்கு வர, எஸ்டிபிஎம்மில் கணக்கியல் பாடம் எடுக்கலாம், மெட்ரிகுலேஷனில் கணக்கியல் பிரிவில் சேரலாம் அல்லது டிப்ளோமா வழியாக வரலாம். ஆனால், 1967-ஆம் ஆண்டு கணக்காளர் சட்டப்படி, எம்ஐஏ எனப்படும் மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிந்தவரே 'கணக்காளர்' என்று தம்மை அழைத்துக்கொள்ள முடியும். அதற்குச் சட்டம் ஏற்கும் பட்டமோ ஏசிசிஏ போன்ற தொழில்முறைத் தகுதியோ தேவை. மூன்றாண்டு பணி அனுபவமும் வேண்டும். எல்லாத் தனியார் கல்லூரிப் பட்டங்களும் நேரடியாக அந்தத் தகுதியைத் தருவதில்லை. பிடிபிடிஎன் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், தேர்ந்தெடுத்த பட்டத்தை எம்ஐஏ ஏற்கிறதா, ஏற்காவிட்டால் எந்தத் தேர்வுகளைக் கூடுதலாக எழுத வேண்டும் என்று கல்லூரியிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.