யாக்கோபின் வழியில் ஒரு விஞ்ஞானி

வேலையின் பொருட்டுத் தொலைதூர நகரமொன்றுக்குப் புறப்படும் பிள்ளையை வழியனுப்பும் வேளையில், நம்முடைய வீடுகளிலும் ஆலயங்களிலும் ஆபிரகாமின் பெயரே முதலில் நினைவுகூரப்படுகின்றது. போகும் இடம் இன்னதென்று அறியாமலே புறப்பட்டவர் என அவரைச் சுட்டி ஜெபிக்கின்றோம். ஆனால் ஆதியாகமம் 12ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிப்போமாயின், ஆபிரகாம் தனியே செல்லவில்லை என்பது தெரியவரும். மனைவி உடனிருந்தார், சகோதரனின் மகன் லோத்து உடனிருந்தார், ஆட்களும் உடைமைகளும் கூடவே சென்றன. உண்மையில் தன்னந்தனியே புறப்பட்டவர் அவருடைய பேரன் யாக்கோபுதான். கையில் ஒரு கோல், இரவில் தலைக்கு ஒரு கல். ஆரானை நெருங்கியதும் கிணற்றடியில் நின்ற முன்பின் அறியாத மேய்ப்பர்களிடம், லாபானைத் தெரியுமா என்று விசாரிக்க வேண்டிய நிலை.

ஆகவே, ஆராய்ச்சிப் பணிக்காக அறியாத நகரில் தனியே சென்று இறங்கும் இன்றைய இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் யாக்கோபே நெருங்கிய உறவினர் எனலாம். அவ்வாறு சென்ற பெண்மணி ஒருவரின் வரலாறு நம் சிந்தனைக்குரியது. அவர் ஒருமுறையல்ல, இருமுறை அவ்வாறு செல்ல நேர்ந்தது.

லீசே மைட்னர் 1878ஆம் ஆண்டு ஒஸ்திரியாவின் வியன்னா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1906இல் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். மறு வருடம், தமது 28ஆவது வயதில், மேலும் கற்கவும் ஆராயவும் விரும்பி ஜேர்மனியின் தலைநகரான பேர்லினுக்குத் தனியே சென்றார். சில தவணைகள் மட்டும் தங்கித் திரும்புவதே அவருடைய எண்ணம். தங்கியதோ 31 ஆண்டுகள். தொடக்கத்தில் சம்பளம் எதுவுமில்லை. தந்தை அனுப்பிய சிறு தொகையில் வாடகை அறையொன்றில் வாழ்ந்தார்.

அவர் ஆய்வு செய்ய விரும்பிய இரசாயனவியல் நிறுவனத்துக்குள் பெண்கள் அனுமதிக்கப்படவில்லை. தச்சுப் பட்டறையாக இருந்த கீழ்த்தள அறை ஒன்று, தனி வாசலோடு, அவருக்கு ஒதுக்கப்பட்டது. மேல்மாடிக்கு ஏறக்கூடாது என்பது நிபந்தனை. கழிவறைக்கும் வீதியிலிருந்த உணவகம் ஒன்றுக்கே செல்ல வேண்டியிருந்தது. அந்த அறையில் இரசாயனவியலாளர் ஒட்டோ ஹானும் அவரும் கதிரியக்கப் பொருட்களை அளந்தார்கள். மாலை எட்டு மணிக்குக் கடைகள் மூடப்படும் நேரம்வரை வேலை நீளும். அதற்குச் சற்று முன்னர் இருவரில் ஒருவர் ஓடிச்சென்று பாலாடைக்கட்டியோ இறைச்சியோ வாங்கி வருவார். ஆயினும் அந்த இராப்போசனத்தை அவர்கள் ஒருநாளேனும் அங்கு சேர்ந்து உண்டதில்லை. அவரவர் தம் இருப்பிடத்துக்குத் தனித்தனியே சென்றனர் என்று ஹான் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கின்றார். ஓர் ஆணும் பெண்ணும் ஒன்றாக அமர்ந்து உண்பது அக்காலத்தில் ஊர்வாய்க்கு இடமளித்துவிடும்.

நாள் முழுவதும் அருகிலிருந்து வேலை செய்யும் நண்பர் இருந்தும், இரவு உணவுக்கு ஒருவருமில்லை. தனியே ஊர்விட்டு ஊர் சென்று பணிபுரிந்தோர் இதன் பாரத்தை அறிவார்கள்.

இந்நிலையில் அவருக்குத் திறந்தது ஒரு வீட்டுக் கதவு. அவ்வீடு பேராசிரியர் மக்ஸ் பிளாங்குடையது. அவரோ பெண்கள் பல்கலைக்கழகம் செல்வதைப் பொதுவாக விரும்பாதவர். 1897இல் அக்கருத்தை எழுத்திலும் வெளியிட்டவர். மைட்னர் முதன்முதலில் அவரைச் சந்தித்தபோது, கலாநிதிப் பட்டம் ஏற்கெனவே இருக்க இன்னும் என்ன வேண்டும் என்று வியந்து கேட்டாராம். எனினும் அந்தக் கூச்ச சுபாவமுள்ள பெண்ணைத் தம் இல்லத்துக்கு அழைத்தார். அங்கு இசை ஒலித்தது. பிளாங் பியானோ வாசிப்பதில் வல்லவர். அவருடைய இரட்டைப் புதல்வியரும் மைட்னரின் தோழியராயினர். 1912இல் பிளாங் அவரைத் தம் உதவியாளராக நியமித்தார். முதற் சம்பளம் அவ்வாறுதான் கிடைத்தது. இதில் எனக்கு வியப்பளிப்பது, பிளாங் தமது கொள்கையை மாற்றிக்கொண்ட பின்னர் கதவைத் திறக்கவில்லை என்பதே. கதவு முதலில் திறந்தது. லாபானும் அவ்வாறே, பின்னாளில் யாக்கோபை ஏமாற்றியவர்தான், ஆயினும் செய்தி கேட்டதும் ஓடிவந்து தழுவி வீட்டுக்கு அழைத்துச் சென்றாரல்லவா?

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் பசித்தோருக்கு உணவும் தாகமுற்றோருக்கு நீரும் குறிப்பிடப்படுகின்றன. அந்நியருக்கு உரியதாகக் கூறப்படுவது, அவரைச் சேர்த்துக்கொள்ளுதல். நல்ல உத்தியோகமும் மாதச் சம்பளமும் உள்ள ஒருவர் ஞாயிறுதோறும் ஆலயத்தின் கடைசி வாங்கில் அமர்ந்து எழுந்து சென்றால், அவருக்கென்ன குறை என்று நாம் எண்ணிவிடுகின்றோம். அவர் பசித்தவரல்லர்தான். அந்நியர் அல்லவா, வாசகர்களே?

1908இல் மைட்னர் புரட்டஸ்தாந்து திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார். நாற்சிகளின் ஆட்சியில் அது அவரைக் காக்கவில்லை. யூத வம்சத்தவர் என்பதால் 1933இல் அவருடைய கற்பிக்கும் உரிமை பறிக்கப்பட்டது. 1938 மார்ச்சில் ஒஸ்திரியா ஜேர்மனியுடன் இணைக்கப்பட்டதும், அந்நாட்டுப் பிரஜை என்ற பாதுகாப்பும் போயிற்று. அவ்வாண்டு ஜூலை 13ஆம் திகதி, இரு சிறு பெட்டிகளுடனும் பத்து மார்க் பணத்துடனும், ஒல்லாந்து நண்பர் ஒருவரின் துணையோடு புகையிரதத்தில் எல்லையைக் கடந்தார். அவசரத்துக்கு உதவட்டும் என்று ஹான் தம் தாயாரின் வைர மோதிரத்தையும் கொடுத்தனுப்பினார்.

அங்கிருந்து சுவீடனின் தலைநகரான ஸ்டொக்ஹோமுக்குச் சென்றபோது வயது 59. இரண்டாம் முறையும் புதிய நகரம், புதிய ஆய்வுகூடம், தனிமை. இம்முறை பேராசிரியர் என்ற பெயரும் உலகப் புகழும் இருந்தன. ஆயினும் 28 வயதில் அனுபவித்ததிலும் இது கொடிதாயிருந்தது. ஆய்வுகூடத்தில் இடம் தரப்பட்டது. கருவிகளோ உதவியாளரோ தரப்படவில்லை. கதவுகளின் திறப்புக்கூட அவர் கைக்குத் தரப்படவில்லை. வேலை முடிந்து அவர் திரும்பியது விடுதியின் சிறு அறைக்கு.

அவ்வருட நத்தாருக்கு அழைப்பொன்று வந்தது. கோத்தன்பர்க் நகருக்கு வடக்கேயுள்ள குங்கெல்வ் என்னும் சிற்றூரிலிருந்து ஈவா வொன் பார்-பேர்கியுஸ் அழைத்திருந்தார். அவரும் பௌதிகவியலாளர், முதலாம் உலகப் போருக்கு முன்னர் சுவீடனிலிருந்து ஆய்வுக்காகப் பேர்லின் சென்று, அங்கு மைட்னருடன் நட்புக் கொண்டவர். டென்மார்க்கில் பணியாற்றிய மைட்னரின் சகோதரி மகன் ஒட்டோ பிரிஷும் வந்து சேர்ந்தார்.

மைட்னரிடம் ஹானின் கடிதம் இருந்தது. யுரேனியத்தை நியூத்திரன்களால் தாக்கியபோது, அதனிலும் மிக இலேசான பேரியம் தோன்றியிருப்பதாகவும், காரணம் விளங்கவில்லை என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. அத்தையும் மருமகனுமல்ல, சின்னம்மாவும் மகனுமென்றே சொல்லத்தக்க அவ்விருவரும் பனி மூடிய காட்டு வழியே சென்றனர். பிரிஷ் பனிச்சறுக்குக் கட்டைகளில், மைட்னர் கால்நடையாக. விழுந்து கிடந்த மரமொன்றில் அமர்ந்து துண்டுக் கடதாசியில் கணக்கிட்டனர். யுரேனியக் கரு ஒரு நீர்த்துளி போல இழுபட்டு இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும். அப்போது புரோத்தன் ஒன்றின் திணிவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, ஏறத்தாழ 200 மில்லியன் இலத்திரன் வோல்ற்று சக்தியாக வெளிப்படும். அணுக்கருப் பிளவுக்கு முதல் விளக்கம் அங்கேதான் உருவாயிற்று.

விடுமுறை முடிந்து பிரிஷ் கோப்பன்ஹேகனுக்கும் மைட்னர் ஸ்டொக்ஹோமுக்கும் திரும்பினர். கட்டுரையைத் தொலைபேசியில் பேசிப் பேசியே எழுதி முடித்தார்கள். 1939 பெப்ரவரி 11ஆம் திகதி 'நேச்சர்' சஞ்சிகையில் அது வெளியாயிற்று.