கோப்பு வந்தது, தமிழ் வரவில்லை

அலுவலகம் ஒன்றிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு வேர்ட் கோப்பு வருகிறது. அனுப்பியவரின் வின்டோஸ் கணினியில் அது தெளிவான தமிழ்க் கடிதம். பெற்றவரின் அன்ட்ரொய்ட் கைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியல். கைபேசியில்தான் கோளாறு என்று எண்ணி, அவர் ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போகிறார்; காசு கொடுத்து அச்செடுக்கிறார், அல்லது முழுவதையும் மறுபடி தட்டச்சுச் செய்விக்கிறார். ஏறாவூர், செங்கலடி, மட்டக்களப்பு என எங்கும் இது பழகிப்போன காட்சி. பழகிப்போனதாலேயே யாரும் இதை முறைப்பாடாகக் கருதுவதில்லை. கோப்பு படிக்க முடியாமல் போவதற்குக் காரணம் பெற்றவரின் கருவி அன்று. அனுப்பியவர் தெரிவு செய்த எழுத்துமுறை. அனுப்பியவர் அரசாக இருக்கும்போது அந்தத் தெரிவைக் கேள்வி கேட்கக் குடிமகனுக்கு வழி உண்டு.

கோப்பின் வடிவம் வேறு, அதற்குள் இருக்கும் எழுத்தின் குறியாக்கம் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தீர்வும் தவறிப்போகிறது. வடிவச் சிக்கல் பெருமளவு ஓய்ந்துவிட்டது. மைக்ரோசொஃப்ட் தன் பழைய டொக் வடிவத்தின் அமைப்பை 2008இல் வெளியிட்டது. ஒஃபிஸ் 2007 பதிப்போடு வந்த டொக்எக்ஸ் வடிவம் 2008இல் சர்வதேச நியமமாக ஏற்கப்பட்டது. திறந்த ஆவண வடிவமான ஓடிஎஃப் அதற்கு முன்பே, 2006இல், அந்த இடத்தைப் பெற்றிருந்தது. லினக்ஸிலும் மக்கிலும் இலவசமாக இயங்கும் லிப்ரே ஒஃபிஸ் இவை எல்லாவற்றையும் திறக்கும். அட்டவணை கொஞ்சம் நகரும், பக்கம் ஒன்று கூடும், அவ்வளவுதான். நம் பக்கத்தில் உண்மையான முட்டுக்கட்டை பாமினி.

பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ், கணினிக்குத் தமிழே அல்ல. 'அம்மா' என்று தட்டினால் கோப்பில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். பாமினி எழுத்துரு அந்த எம்மின் மேல் 'அ'வின் படத்தையும், கேயின் மேல் 'ம'வின் படத்தையும் போர்த்துகிறது. போர்வை இல்லாத கருவியில் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. ஏறாவூரின் முதலெழுத்தே பாமினிக்குள் ஆங்கிலப் பெரிய 'வீ'தான். யுனிகோட் இதற்கு நேர்மாறு: தமிழின் அடிப்படை எழுத்துக்குறி ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான தனி எண். 1991இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இருந்தது. வின்டோஸ் 2000இலேயே லதா என்ற யுனிகோட் தமிழ் எழுத்துரு வந்துவிட்டது. இன்றைய அன்ட்ரொய்ட், ஐபோன், மக் எதிலும் தமிழ் எழுத்துரு தனியாக நிறுவத் தேவையில்லை. பாமினி தன் காலத்தில் பெரிய தொண்டு செய்தது என்பதை மறுக்கக்கூடாது. கணினிகள் தமிழை அறியாதிருந்த நாட்களில் ஈழத்துப் பத்திரிகைகளும் அச்சகங்களும் புலம்பெயர்ந்தோர் வெளியீடுகளும் அதைக்கொண்டே நடந்தன. அந்த நாட்கள் முடிந்து கால் நூற்றாண்டு ஆகிறது.

படிக்க முடியாமை கண்ணுக்குத் தெரியும் ஆபத்து, தெரியாதவைதான் கவலைக்குரியவை. வேர்ட் மென்பொருள் வாக்கியத்தின் முதல் ஆங்கில எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சிறிய எம் 'அ', பெரிய எம் 'ஆ'. அந்த வசதியை அணைக்காத கணினியில் ஒருவர் கோப்பைத் திருத்தினால் 'அவர்' 'ஆவர்' ஆகலாம். யுனிகோடுக்கு மாற்றும் கருவிகளும் முழுமையானவை அல்ல. வெறும் எழுத்தாக ஒட்டி மாற்றும்போது எது தமிழ், எது ஆங்கிலம் என்று அவற்றால் பிரித்தறிய முடிவதில்லை. பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் ஈற்றில் வரும் 'வீ' தமிழ் 'ஏ'யாக மாறிவிடும்; மின்னஞ்சல் முகவரி அர்த்தமற்ற தமிழாகும். ஏறாவூருக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. ஹனீபா, ஸாஹிரா, ஜெமீல், ரஷீத் போன்ற பெயர்கள் நிறைந்த ஊர் இது. பாமினியில் ஜ, ஸ, ஷ, ஹ ஆகியவை சதுர அடைப்புக்குறிகளிலும் பின்சாய்கோட்டிலும் பின்மேற்கோள் குறியிலும் உட்கார்ந்திருக்கின்றன. இத்தகைய குறிகளைத் தேவையற்றவை என்று நீக்கும் மென்பொருள்கள் ஏராளம். அவ்வாறு நீங்கினால் சிதைவது ஒருவருடைய பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், நலன்புரிப் பட்டியலில் இன்னொரு பெயர் என்று வந்துவிட்டால் அந்த வித்தியாசத்தைச் சரிசெய்ய எத்தனை நாள் அலைய வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே.

பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் போதாதா என்று கேட்பார்கள். எழுத்துருவை உள்ளே பொதிந்து அனுப்பினால் கண்ணுக்குத் தமிழ் தெரியும், உண்மை. அச்செடுத்துப் படிக்க மட்டுமே தேவையென்றால் அது போதும். ஆனால் அதில் ஒரு பெயரைத் தேட முடியாது. ஒரு பந்தியைப் பிரதிசெய்து ஒட்டினால் மறுபடி ஆங்கிலக் குவியல். பார்வையற்றவருக்கு வாசித்துக்காட்டும் மென்பொருள் எம், கே, அரைப்புள்ளி என்றே ஓதும். ஆண்டுகள் கழித்து நகரசபையின் பழைய அறிக்கைகளுக்குள் ஒரு வீதியின் பெயரைத் தேடுபவருக்கும் அதே கதிதான். பிடிஎஃப் சிக்கலை மூடிவைக்கிறது, தீர்ப்பதில்லை.

இதைவிட வலுவான எதிர்வாதம் தட்டச்சு உத்தியோகத்தர்களுடையது. இருபது வருடம் பாமினியில் ஓடிய விரல்களை இனி எப்படி மாற்றுவது? அந்த விரல்களை மாற்றச் சொல்ல வேண்டியதே இல்லை. இகலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசைப்பலகை அமைப்பு உண்டு. தட்டுவது பழைய விசையையே, பதிவது யுனிகோட். இலங்கைக்கென்று எஸ்எல்எஸ் 1326 என்ற தமிழ்க் கணினி நியமம் 2008 முதல் இருக்கிறது. அதுவும் யுனிகோடை ஒட்டியதே. ஆகவே பயிற்சிச் செலவு, புதிய கணினி என்ற காரணங்கள் நிற்கமாட்டா. பழைய கோப்புகளை மாற்றுவது கடினம் என்பது மட்டும் நியாயமான பேச்சு. அதற்கு ஆளும் நேரமும் வேண்டும், ஒவ்வொரு பெயரையும் இலக்கத்தையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும். ஆனால் நேற்றைய கோப்பு கடினம் என்பது இன்றைய கடிதத்தையும் பாமினியில் எழுதுவதற்குக் காரணமாகாது. சொல்லப்போனால், அதுவே இன்றே நிறுத்துவதற்கான காரணம்.

இனி உரிமை. பாமினியில் எழுதக்கூடாது என்று நேரடியாகச் சொல்லும் ஏற்பாடு எதையும் இங்கே காட்டவில்லை. வாதத்தை வேறிடத்திலிருந்து கட்டுகிறேன். அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை தமிழையும் அரசகரும மொழியாக்குகிறது. 22ஆம் உறுப்புரை, வடக்கிலும் கிழக்கிலும் பொதுப் பதிவேடுகள் தமிழிலேயே பேணப்பட வேண்டும் என்கிறது. எந்தப் பொதுக் கணினியும் தமிழென்று அறியாத குறிகளில் பேணப்படும் பதிவேடு, அந்த உறுப்புரையின் நோக்கத்தை நிறைவேற்றுகிறதா? நிறைவேற்றவில்லை என்பதே என் கருத்து. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம், எழுத்திலான ஆவணத்துக்கு ஈடாக இலத்திரனியல் ஆவணத்தை ஏற்கும்போது, பின்னர் எடுத்துப் பார்க்கக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. குறிப்பிட்ட ஓர் எழுத்துரு நிறுவிய கணினியில் மட்டும் தமிழாகும் கோப்பு இந்த அளவுகோலில் தடுமாறும். நடைமுறையில் கைகொடுப்பது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். தகவலைத் தர முடிவு செய்தால், கேட்ட வடிவத்திலேயே தர வேண்டும் என்பது அதன் விதி. ஆவணத்தின் பாதுகாப்புக்குப் பாதகம் என்பது போன்ற காரணம் இருந்தால் வேறு வடிவத்தில் தரலாம். எங்களிடம் பாமினியில்தான் இருக்கிறது, புதிதாக ஆவணம் தயாரிக்கச் சட்டம் சொல்லவில்லை என்று அலுவலகம் வாதிடக்கூடும். குறியாக்கத்தை மாற்றினால் தகவல் புதிதாவதில்லை. அதே தகவல், அதே சொற்கள். மாறுவது வடிவம். வடிவத்தைக் கேட்கும் உரிமைதான் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

மனு போடுவதற்கு முன்னர் அவசரத்துக்குச் செய்யக்கூடியவை சில. வந்த மூலக் கோப்பைத் திருத்தாமல் அப்படியே ஒரு பிரதி வையுங்கள். சந்தேகம் வந்தால் அதுவே சாட்சி. மாற்றிய பின் பெயர், திகதி, அடையாள அட்டை இலக்கம், காணி அளவு ஆகிய நான்கையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். காணி உறுதி, மருத்துவ அறிக்கை, வங்கிக் கடிதம் போன்றவற்றை முன்பின் அறியாத இணைய மாற்றிகளில் ஏற்றாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருந்தாலும், வெளிநாட்டில் எங்கோ இயங்கும் தளத்தில் விட்ட கோப்பைத் திரும்பப் பிடிப்பது எளிதல்ல. கோப்பைத் திறக்கவென்று திருட்டு ஒஃபிஸ் பதிப்பைத் தரவிறக்குவதும் வேண்டாம். அதோடு தீநிரல் வரலாம். வராவிட்டாலும் அந்த ஒஃபிஸ் பாமினியைப் படிக்கப் போவதில்லை, ஏனென்றால் குறை ஒஃபிஸில் இல்லை.

அலுவலகத்திடம் முதலில் வாயால் கேளுங்கள்; யுனிகோடில் அனுப்பச் சொன்னால் பல இடங்களில் அனுப்பிவிடுவார்கள். அனுப்பாவிட்டால் அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுத்தில் விண்ணப்பியுங்கள். ஏன் வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேட்கும் தகவலைக் குறிப்பிட்ட பின் ஒரு வரி சேருங்கள்: 'இத்தகவலை யுனிகோட் தமிழில், ஓடிஎஃப் அல்லது டொக்எக்ஸ் வடிவில் மின்னஞ்சல் மூலம் தருக.' முடிவு 14 வேலைநாட்களுக்குள் வர வேண்டும். மறுத்தால் அல்லது மறுபடி பாமினிக் கோப்பே வந்தால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு; அவருக்கு மூன்று வாரம். அதற்குப் பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போக இரண்டு மாத அவகாசம் உண்டு. படிக்க முடியாமல் வந்த பக்கத்தை அச்செடுத்து மேன்முறையீட்டோடு இணைத்து அனுப்புங்கள்.