கண்ணுக்குள் ஒரு வில்லை



கரும்பலகையை நோக்கும் உங்கள் கண் மறுகணமே மேசைமேல் விரித்த புத்தகத்துக்குத் தாவுகின்றது. இரண்டும் தெளிவாகவே தெரிகின்றன. இதில் வியப்பென்ன என்று கேட்பீர்கள். உங்கள் இல்லத்துப் பாட்டனாரைக் கேளுங்கள், வியப்பு விளங்கும். செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடித்து, நீட்டிய கையும் போதாதபோது மூக்குக்கண்ணாடியைத் தேடுகின்றவர் அவர்.

கருமணிக்குப் பின்னே வில்லை ஒன்று உண்டு. அதன் அகலம் 1 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதைச் சூழ்ந்த தசை சுருங்கினால் வில்லை உருண்டு தடிக்கும். அண்மைப் பொருள் தெளியும். தசை தளர்ந்தால் வில்லை தட்டையாகும்; தொலைவுப் பொருள் தெளியும். நாற்பதைத் தாண்டியதும் இவ்வில்லை விறைத்துப்போகின்றது. இதையே நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றனர். மேலும் முதுமை ஏற ஏற, வில்லை தெளிவை இழந்து மங்குகின்றது. அது கண்புரை. புரைக்கு மருந்தில்லை, மங்கிய வில்லையை நீக்குவதே வழி.

நீக்கியபின் கண்ணில் வில்லை ஏது? முற்காலத்தில் அதற்கு ஈடாக, நடுப்பாகம் கனத்த கண்ணாடியை வாழ்நாள் முழுதும் அணிந்தனர். அதன் வழியே பார்த்தால் பொருள்கள் கால் பங்கு பெரிதாகத் தோன்றும். வாசற்படி வளைந்து தெரியும். என்னோடு பணியாற்றிய ஓவிய ஆசிரியர் ஒருவர் அக்கண்ணாடி அணிந்தபின், நேர்கோடு வரையவே தயங்கினார்.

இதற்கு விடை போர்க்களத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் விமான ஓட்டிகள் சிலரின் கண்ணுக்குள், விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் தைத்துக் கிடந்தன. கண் அவற்றை வெறுத்துப் புண்படவில்லை. இதனை நுணுகிக் கண்டவர் ஹெரால்டு ரிட்லி என்னும் ஆங்கில மருத்துவர். புரை நீக்கத்தைப் பார்த்து நின்ற மாணவர் ஒருவர், எடுத்த வில்லைக்குப் பதில் வேறொன்று வைக்கலாகாதா என்று அவரைக் கேட்டாராம். (மாணவர் கேள்வியை அற்பமென்று தள்ளும் ஆசிரியர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.) 1949 நவம்பரில், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ரிட்லி செயற்கை வில்லையைப் பொருத்தினார். பெரிய மருத்துவர்கள் பலர் அதைக் கடிந்தனர். 2000ஆம் ஆண்டில்தான் அவருக்குச் ‘சர்’ பட்டம் கிட்டியது.

நம் நாட்டில் தடையாய் நின்றது விலை. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவை செய்தவர் அவர். அந்நிறுவனத்தைச் சார்ந்த ஆரோலேப் 1992 முதல் வில்லைகளை இங்கேயே செய்தது. அயல்நாட்டு விலையில் சிறு பகுதிக்கு அவை கிடைத்தன. இன்று அரசு மருத்துவமனைகளில் சாதாரண வில்லை கட்டணமின்றியே பொருத்தப்படுகின்றது. நம் செம்பாக்கத்து முதியோர் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால், 1819இல் தோன்றிய அரசு கண் மருத்துவமனை அங்கே உள்ளது.

சாதாரண வில்லை என்றேன். அதற்குக் குவியம் ஒன்றே. தொலைவுக்கென்று அமைத்தால் படிப்பதற்குக் கண்ணாடி வேண்டும். இக்குறையைப் போக்க வந்ததே பல குவிய வில்லை. மல்டிஃபோகல் லென்ஸ் என்பர். கண்ணாடியே வேண்டாம் என்று விளம்பரங்கள் அதைப் புகழ்கின்றன. பலருக்கு அது மெய்யாகவும் ஆகின்றது. ஆனால் எவ்வாறு ஆகின்றது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

இவ்வில்லை உங்கள் கண்ணின் வில்லையைப்போல் உருண்டு தட்டையாவதன்று. அதன் மேற்பரப்பில் ஒன்றையொன்று சூழ்ந்த நுண்ணிய வளையப் படிகள் உள்ளன. அவை உள்வரும் ஒளியைப் பங்கிடுகின்றன. இரு குவிய வில்லை ஒன்றில், நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பங்கு தொலைவுக்கும் நாற்பது பங்கு அண்மைக்கும் செல்லும். எஞ்சியது எதற்கும் உதவாது சிதறும். விழித்திரையில் எப்போதும் ஒரு தெளிந்த உருவும், அதன்மேல் கவிந்த மங்கிய உருவும் ஒருங்கே விழுகின்றன. வேண்டியதைக் கொண்டு வேண்டாததைத் தள்ளிவிட மூளை பழக வேண்டும். அதற்குச் சில வாரங்களோ, சில திங்களோ ஆகலாம்.

ஆகவே இது வரவு மட்டுமன்று, செலவும் உண்டு. மங்கலான வெளிச்சத்தில் சாம்பல் நிறப் படியும் அதே நிறத் தரையும் பிரிந்து தோன்றா. இரவில் தாம்பரம்–வேளச்சேரிச் சாலையில் எதிர்வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி ஒளிவட்டங்கள் எழும். இரவில் வண்டி ஓட்டிப் பிழைக்கின்றவருக்கு இது சிறு குறையன்று. சர்க்கரை நோயால் விழித்திரை பழுதுற்றவருக்கும், கண் நீர் அழுத்த நோய் முற்றியவருக்கும் மருத்துவர்கள் இதைப் பெரும்பாலும் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே குறைந்த பார்வையில் ஒளியைப் பங்கிடுவது தகாது. அளவையும் துல்லியமாக வேண்டும். கண்ணின் நீளத்தில் 1 மில்லிமீட்டர் பிசகினால், வில்லையின் வலிமை ஏறத்தாழ இரண்டரை டயாப்டர் பிசகும்.

விலை மிகுந்த வில்லையே பாட்டிக்கு நல்லது என்று வீட்டார் அன்பினால் முடிவு செய்துவிடுவதைக் காண்கிறேன். பாட்டி நாள் முழுதும் செய்வதென்ன என்று எவரும் கேட்பதில்லை. பூத்தொடுப்பவரா, புத்தகம் படிப்பவரா, அந்தியில் தனியே கோயிலுக்கு நடப்பவரா? படிக்கையில் மட்டும் கண்ணாடி அணிய அவருக்குத் தடையில்லையேல், ஒற்றைக் குவிய வில்லையே அவருக்கு இருளிலும் தெளிவைத் தரும். கண்ணாடியை அறவே வெறுப்பவர், இரவுப் பயணம் இல்லாதவர், விழித்திரை நலமுடையவர் எனின், மற்றதை நாடலாம். பொருத்திய வில்லையைப் பின்னர் மாற்ற இயலாதென்பதில்லை. ஆனால் அதனைத் தாங்கும் மெல்லிய பை, திங்கள் செல்லச் செல்ல வில்லையை இறுகப் பற்றிக்கொள்கின்றது. அப்போது எடுப்பது முதல் அறுவையினும் கடினம்.