மாசியில் சிவக்கும் மலை

அயல்நாட்டில் வாழும் உறவினர் ஆண்டுதோறும் ஐப்பசி மாதத்தில், செவ்விலைகள் சொரியும் மலைச்சாலைகளின் படங்களை அனுப்புகின்றனர். அவற்றைக் காணும் நம் குழந்தைகள், "நமக்கு இத்தகைய காட்சி இல்லையா?" என்று வினவுகின்றனர். உண்டு, ஆனால் அதன் காலம் வேறு.

குளிர்நாடுகளில் மரங்கள் குளிருக்கு முன் இலையுதிர்க்கின்றன. பச்சையம் சிதையவே, மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது; சில மரங்களில் சிவப்பு புதிதாய் ஊறுகிறது. நம் சஹ்யாத்திரி மலையிலோ, பருவமழை ஓய்ந்து நிலம் காய்ந்தபின், நீரைக் காத்துக்கொள்ளவே பல மரங்கள் இலைகளைக் கழிக்கின்றன. இங்கு வண்ணம் மிகுவது உதிரும் இலையில் அன்று, பிறக்கும் தளிரில். மாசி பங்குனியில், மராத்தியர் கோசிம்ப் என்றழைக்கும் மரம் செந்தளிர் போர்த்து நிற்கும். உயர்ந்த வகை அரக்கைத் தரும் பூச்சி வாழ்வதும் இம்மரத்தில்தான். புரசும் இலவும் முள்முருங்கையும் இலையற்ற கிளைகளில் செம்பூச் சூடுவதும் இக்காலத்தை ஒட்டியே.

சில வாரங்களில் செந்தளிர் பசுமையாகிவிடும். இதனை அறியாது நாம் ஒருமுறை மே மாத விடுமுறையில் சென்று, இலவு காத்த கிளியாய்த் திரும்பினோம். அடுத்த ஆண்டு, குழந்தைகளின் தேர்வைப் பொருட்படுத்தாமல் மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றை ஒதுக்கினோம். முதுமையுற்ற நம் அன்னையாரும் உடன் வந்தார். மலைச்சரிவில் ஒரு மரத்தைக் கண்டதும், "இது நம் ஊர்ப் புரசு அன்றோ!" என்றார். நாற்பதாண்டு இந்நகரில் வாழ்ந்தும், இம்மண்ணை அயலாகவே எண்ணியிருந்தவர் அவர். தேர்வு ஒன்றும் கெட்டுவிடவில்லை.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்: செம்பூரிலிருந்து பன்வேல், கோபோலி வழியாகக் கண்டாலா ஏறும் பழைய புணே சாலை உகந்தது, தொலைவு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். முதல் நாளே பிரேக்கையும் டயர்களையும் சோதித்து, விடியற்காலையில் புறப்படுக. புளியோதரையும் தயிர்ச்சாதமும் குடிநீரும் உடனிருக்கட்டும். மலைவளைவுகளில் காட்சிக்காக வண்டியை நிறுத்துதல் ஆகாது. கண்டாலாவின் ராஜ்மாச்சி முனையில் இறங்கிப் பள்ளத்தாக்கை நிதானமாகக் காணலாம். இறங்கும்போது கீழ் கியரில் வருக, இருட்டுமுன் திரும்புக. கிளையை ஒடிக்காமலும் குப்பையைப் போடாமலும் வருவது நம் கடமை.

வண்டி இல்லாதோர் வருந்த வேண்டியதில்லை. தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில், ஒருகாலத்துக் குப்பைமேடு 1994இல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்குச் சென்று மரங்களைப் பெயர் கேட்டு அறியலாம். அதுவும் இயலாதெனில், தெருமுனை அரசமரத்தை அண்ணாந்து பாருங்கள்; தாமிர நிறத்தில் தளிர்கள் காற்றில் ஆடும். அயல்நாட்டு உறவினருக்கு நாமும் ஒரு படம் அனுப்பலாமே!