நிற்காத மின்னஞ்சல்: வகுப்பறையில் ஒரு கணக்கு

தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனம் இயங்குவதை எங்கள் மாணவர்கள் அறிவார்கள். கணினி வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “குற்றாலச் சாரலில் கரண்ட் போனா அவங்க மெயிலும் நின்னுருமா சார்?”

“நிற்காது. அலுவலகம் வேறு, சர்வர் வேறு” என்றேன். அதன் இந்தியத் தரவு மையங்கள் சென்னையிலும் மும்பையிலும் உள்ளன. ஒன்றின் பிரதி மற்றொன்றில் இருக்கும். மாற்று சர்வரை அதே கட்டடத்தில் வைத்தால், வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே முடங்கும்.

பிறகு கரும்பலகையில் கணக்கிட்டோம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். சேவை 99.9 சதவீதம் கிடைக்கும் என்றால், மீதி 0.1 சதவீதம் ஏறக்குறைய 8 மணி 46 நிமிடம். அந்நேரத்தில் வரும் கடிதம் உடனே தொலையாது. அனுப்பிய சர்வர் சில நாள்கள் மீண்டும் மீண்டும் முயலும். ஆனால் தேர்வுப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் கடைசி நாளில் அந்த 8 மணி நேரம் வந்தால்?

உரிமமும் திட்டமிடலில் அடங்கும். சொந்தமாக எக்ஸ்சேஞ்ச் சர்வர் நடத்தினால் சர்வருக்கும் பயனருக்கும் தனித்தனி உரிமம் வேண்டும். இணையவழிச் சேவையில் பெரும்பாலும் பயனர் எண்ணிக்கைப்படி சந்தா. புதுப்பிக்க மறந்தால் எத்தனை சர்வர் இருந்தும் பயனில்லை.

உங்கள் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள்: நம் பள்ளி எத்தனை மணி நேரம் மின்னஞ்சல் இல்லாமல் தாங்கும்? திட்டம் அந்த விடையிலிருந்தே தொடங்குகிறது.